பிளக் முனையில் பிறக்கும் பொறிக்கு

அன்புள்ள பொறிக்கு,

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து எழுதுகிறேன். கார் நிறுத்துவதற்காக வாசல் திண்ணையில் பாதியை இடித்த வீடு எங்களுடையது. அந்தப் பாதித் திண்ணையைப் பற்றிப் பாட்டி கடைசி வரை புலம்பிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் இன்றைக்கும் நிற்பது 1977 மாடல் அம்பாசடர், மார்க் 3. அப்பா 1981இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நாலு சிலிண்டர், நாலு பிளக். அந்த நாலு முனைகளில்தான் உன் வாசம். வாசம் என்று சொல்வதுகூடத் தப்பு. வந்த கணமே போய்விடுகிறாய். உனக்கு நான் பட்ட கடன்களை எழுதி வைக்காவிட்டால் மறந்துபோகும் வயது எனக்கு வந்துவிட்டது. அதனால் இந்தக் கடிதம்.

பொறியே, முதலில் உன் பெயருக்கு நன்றி. தீயில் தெறிப்பதும் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி, இயந்திரமும் பொறி, கண் காது மூக்கும் பொறி. துவாக்குடிக் கல்லூரியில் நாலு வருஷம் படித்து வருகிறவரும் பொறியாளர்தான். இத்தனையையும் ஒரே சொல்லில் அடைத்த நம் முன்னோர், கார் எஞ்சினைப் பார்த்திருந்தால் திகைத்திருக்கவே மாட்டார்கள். ஆனால் பாலக்கரைப் பட்டறைகளில் யாரும் உன்னை இந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. அங்கே நீ கரண்ட். “பிளக்குல கரண்ட் வரல” என்பார்கள். அப்பாவுக்கு மட்டும் நீ எப்போதும் பொறிதான். ஆயுத பூஜை அன்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் ஒரு பிடி பொரியைத் தூவி, “இடையினப் பொரி, வல்லினப் பொறிக்கு நைவேத்தியம்” என்பார். ஒவ்வொரு வருஷமும் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் அவர் மட்டுமே சிரிப்பார்.

பொறியே, உன்னை நான் முதலில் பார்த்தது ஊரே கரண்ட் போய் இருண்டு கிடந்த ஓர் இரவில். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, துணி உலர்த்தும் மரக் கிளிப்பால் இடுக்கிப் பிடித்து, அதன் முனையை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி வைத்தார். அம்மா உள்ளே உட்கார்ந்து செல்ப் அடித்தாள். இருட்டில் டிக், டிக் என்று நீ தாவினாய். “என்ன கலர், சொல்லு” என்றார் அப்பா. “நீலம்” என்றேன். “நீலம்னா தேவலை. மஞ்சளா, சோகையா வந்தா உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்.” எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், திருவானைக்கோவிலில், 1888இல் சி.வி. ராமன் பிறந்தார். சிதறி வரும் ஒளியின் நிறம் மாறுவதைப் பார்த்துப் பொருளின் உள்விவகாரத்தைச் சொல்லலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கணக்கெழுதிய என் அப்பாவை அந்த வரிசையில் நிறுத்துவது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நிறத்தைக் கேட்டு நோயைச் சொல்லும் வித்தையை எனக்குக் காட்டியவர் அவர். காட்டுவதற்கு ஒத்துழைத்தது நீ.

பொறியே, நீ வராமல் போய் நான் பார்த்த முதல் நாள் ஒரு வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசலுக்காக வரும் அத்தையை அழைத்து வர, விடியுமுன்பே அப்பா ஜங்ஷனுக்குக் கிளம்ப வேண்டும். செல்ப் சுற்றுகிறது, நீ வரவில்லை. அப்பா பதறவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கிளிப்பையும் தள்ளி மூடியைத் திறந்தார். உள்ளே, சூடான காபி தம்ளர் மேல் கவிழ்த்த டபராவில் இருப்பதுபோல் முத்து முத்தாகத் தண்ணீர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிற தீவு இது. மார்கழிப் பனி பாக்கியில்லாமல் எல்லா இடுக்கிலும் நுழையும். ஈரத்தின் வழியே நீ போக வேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் சுலபமான வழியில் இரும்புக்கு ஓடிவிடுகிறாய். “நீருக்கு உரிய தலம் நம்ம திருவானைக்கோவில். நெருப்புக்கு உரியது திருவண்ணாமலை. இந்தப் பக்கம் பொறிக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்” என்று சொல்லிக்கொண்டே வேட்டி நுனியால் துடைத்தார். அம்மா மூடியைக் குமுட்டி அடுப்பின் மேலே காட்டி உலர்த்திக் கொடுத்தாள். ஒயர்களைத் திரும்பச் சொருகும் வரிசையை அன்றைக்குத்தான் மனப்பாடம் செய்தேன்: 1, 3, 4, 2. அதுவும் இடப்பக்கமாகச் சுற்றி. ஊரே பெருமாளை வலம் வருகிறது. நீ மட்டும் எங்கள் வீட்டு வண்டியில் இடம் வருகிறாய்.

பொறியே, பாய் எனக்குக் கிடைத்ததும் உன்னால்தான். பாலக்கரையில் ஒரு வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருந்தார். அப்பா போன பிறகு, வண்டியை விற்கச் சொன்ன அத்தனை பேருக்கும் நடுவில், “வச்சுக்கங்க டீச்சரம்மா, நான் சொல்லித் தர்றேன்” என்றவர் அவர் ஒருவர்தான். நீ வராத நாளில் உன்னைத் தேடும் முறையை அவர் இப்படிச் சொன்னார்: “பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வராத பையனை எப்படித் தேடுவோம்? வீட்லேருந்து கெளம்பி வழியில ஒவ்வொரு கடையா நின்னு, இந்தப் பக்கம் பையன் வந்தானான்னு கேப்போம்ல? எந்தக் கடைக்காரர் ஆமா பாத்தேன்னு சொல்றாரோ, அவருக்கும் பாக்கலைன்னு சொன்ன கடைக்கும் நடுவுலதான் பையன் நிக்கிறான்.” அப்படியே பிளக்கில் தொடங்குவோம். பிளக்கில் இல்லையா, காயிலிலிருந்து வருகிற நடு ஒயரை மூடியிலிருந்து பிடுங்கி எஞ்சின் இரும்பருகே காட்டு. அங்கே நீ நீலமாகத் தாவினால் குற்றம் மூடியிலோ ரோட்டாரிலோ ஒயரிலோ. ரோட்டார் மேல் சந்தேகமா, அதே நடு ஒயரை ரோட்டாரின் பித்தளைத் தலைக்கு மேல் பிடி. நல்ல ரோட்டார் என்றால் நீ அதில் இறங்க மாட்டாய். இறங்கினால் ரோட்டார் உள்ளுக்குள் ஒழுகித் தண்டுக்கு வழி விடுகிறது. அந்தச் சோதனையை முதலில் பார்த்தபோது கை தட்டிவிட்டேன். பட்டறைப் பையன்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

பொறியே, நடு ஒயரிலும் நீ இல்லையென்றால் தேடல் பன்னிரண்டு வோல்ட் பக்கம் போகும். அங்கே நீ இன்னும் பொறியே ஆகவில்லை. வெறும் பேட்டரிக் கரண்ட். ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர், ஒரு முதலை கிளிப்: பாயின் டெஸ்ட் லைட் அவ்வளவுதான். சாவியைப் போட்டுக் காயிலின் ஒரு முனையில் வைத்தால் எரிய வேண்டும். எரியாவிட்டால் சுவிட்ச் பக்கம் போ. காயிலின் மறுமுனையில், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கம் வைத்து எஞ்சினைச் சுற்றினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற தொடுமுனை திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். எரிந்தே கிடந்தால் பாயிண்ட் கூடவில்லை, அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. அணைந்தே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, இல்லாவிட்டால் எங்கேயோ எர்த் அடிக்கிறது. பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, 15 தவ் இடைவெளி வைப்பார். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து. தவ் என்ற அந்த அளவு அப்பாவின் பொன்மலைச் சிநேகிதர்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கியது. எனக்கோ பள்ளிக்கூட ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே உலகம் இருப்பதே அதுவரை உறைக்கவில்லை.

பொறியே, ஒரு வெட்கக்கேட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹோலி கிராஸில் இயற்பியல் படித்து, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதையே இருபத்தாறு வருஷம் நடத்தியவள் நான். ஃபாரடே, 1831 என்று கரும்பலகையில் எழுதுவேன். மின்தேக்கி ஒரு பாடம், மின்காந்தத் தூண்டல் வேறொரு பாடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பரீட்சையே வந்து போய்விடும். பாய் ஒருநாள், “கண்டென்சர் எதுக்கு டீச்சரம்மா?” என்றார். “மின்னூட்டத்தைச் சேமிக்க.” “சேமிச்சு?” பதில் இல்லை. அவர் கண்டென்சர் ஒயரைக் கழற்றிவிட்டு என்னைச் செல்ப் அடிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் அடித்தார். பாயிண்ட்டில் படபடவென்று வெளிச்சம். நடு ஒயர் முனையில் நீயோ நூல் மாதிரி, சோகையாக. ஒயரைத் திரும்ப மாட்டினார். பாயிண்ட் அடங்கியது, நடு ஒயரில் நீ பளீரென்று நீலமாக வந்தாய். “இங்க பொறி பறந்தா அங்க பறக்காது. இங்க பறக்க விடாம வாயப் பொத்துறதுதான் இவன் வேலை.”

பொறியே, வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து உன் ஜாதகத்தை முழுதாக எழுதிப் பார்த்தேன். காயிலுக்குள் தடித்த கம்பியில் சில நூறு சுற்று, அதனோடு முடியளவு மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. பாயிண்ட் மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் கரண்ட் ஓடிக் காந்தம் ஊறுகிறது. பாயிண்ட் திறந்ததும் காந்தம் சரிகிறது. எவ்வளவு சடுதியில் சரிகிறதோ அவ்வளவு உயரத்துக்கு மெல்லிய கம்பியில் வோல்ட் எழும்புகிறது. பன்னிரண்டாக இருந்தது இருபதாயிரம் போல ஆகிறது. பாயிண்ட் திறக்கும்போது கரண்ட் அந்த இடுக்கில் தாவி ஓடிக்கொண்டே இருந்தால் காந்தம் மெல்லத்தான் சரியும். கண்டென்சர் அந்தக் கணத்துக் கரண்ட்டைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, வெட்டினாற்போல் நிறுத்துகிறது. 1853இலேயே ஃபிஸோ என்ற பிரெஞ்சுக்காரர் தூண்டு சுருளோடு ஒரு மின்தேக்கியைச் சேர்த்துப் பார்த்தது இதற்காகத்தான். எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றும்போது, இத்தனையும் விநாடிக்கு நூறு தடவை நடக்கிறது. என் மாணவிகள் இருபத்தாறு வருஷத்துப் பேரையும் கூப்பிட்டு வைத்து மறுபடி ஒரு வகுப்பு எடுக்கலாமா என்று தோன்றியது. அதைச் செய்யவில்லை. அடுத்த வாரம் வண்டியையே பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட்டிப்போய் பானெட்டைத் திறந்தேன். அந்த வருஷத்துப் பெண்களுக்காவது நீ கிடைத்தாய்.

பொறியே, டிஸ்ட்ரிபியூட்டரைப் பாய் ‘டெல்கோ’ என்றுதான் சொல்வார். அவர் குருவும் அப்படித்தான் சொன்னாராம். சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1909இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் பெயர்ச் சுருக்கம் அது. பேட்டரி, காயில், பாயிண்ட் என்ற உன் குடும்ப அமைப்பு அங்கிருந்துதான் காடிலாக் கார்களில் ஏறி உலகமெல்லாம் பரவியது என்று படித்துச் சொன்னேன். “அப்ப இது கம்பெனிப் பேரா? நான் சாமானோட பேருன்னுல்ல நெனச்சேன்” என்று ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, “இருக்கட்டும். டி.வி.எஸ். டோல்கேட்னு சொல்றோம், அங்க இப்ப டோலா வாங்குறாங்க?” என்றார்.

பொறியே, எல்லாக் கடனிலும் பெரியது போன வருஷத்துக் கடன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். இரண்டு நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் எழும்பும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அங்கே சமர்த்தாக ஓடும். ஒரு இடத்தில் காயில், பிளக் மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் கண்டென்சர், மூடி, ரோட்டார் மாற்றிவிட்டுக் கார்பரேட்டரையும் பிரித்தார்கள். அங்கே ஒரு இளைஞன் கையில் ஸ்கேனரோடு வந்து, அதைச் சொருகும் இடத்தை டாஷ்போர்டுக்கு அடியில் வெகுநேரம் தேடினான். பாவம். அவன் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்னால் பிறந்த வண்டி என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பாயிடம் ஏன் முதலிலேயே போகவில்லை என்று நீ கேட்கலாம். அவர் கண்ணில் புரை முற்றி, பட்டறையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். தொந்தரவு செய்யத் தயக்கம்.

பொறியே, ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் மாலை என்னைக் காவிரிப் பாலத்தின் நடுவில் நிறுத்தினாயே, நினைவிருக்கிறதா? 1976இல் கட்டிய பாலம். அதைவிட ஒரு வயது இளைய வண்டி. கீழே புதுத்தண்ணீர் சுழித்துப் போகிறது, மேலே சத்திரத்திலிருந்து மாம்பழச்சாலை வரைக்கும் ஹாரன். கருகமணியும் காதோலையும் விற்கக் கொண்டுபோன ஒருவர் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்தார். கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், ஓர் ஆட்டோக்காரர். “அக்கா, ஸ்டியரிங்கை மட்டும் நேரா புடிச்சுக்கங்க.” ஊரில் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் முன்பின் தெரியாத இந்த நாலைந்து பேரின் மூச்சிரைப்பை முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே பாலத்தைக் கடந்தேன். மாம்பழச்சாலையில் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி ஆட்டோக்காரர் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். “இது நடிக்குதுக்கா.”

பொறியே, நீ நடிக்கவில்லை என்று சொன்னவர் பாய். மறுவாரம் மகன் அவரை ஸ்கூட்டரில் அழைத்துவந்து விட்டான். பாதித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, வண்டியைத் தொடாமலே கேட்டார்: “எப்ப நிக்குது?” எப்போது வேண்டுமானாலும் என்றேன். “அப்படி ஒரு நேரம் கெடையாது டீச்சரம்மா. நின்னுக்கிட்டு ஓடும்போது நிக்குதா?” இல்லை. “மேம்பாலம் ஏறும்போது?” யோசித்தேன். ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கி ஏறும்போது ஒருநாளும் நின்றதில்லை. சமதரையில், காலை லேசாக வைத்துக்கொண்டு நிதானமாகப் போகும்போதுதான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப காத்து இழுக்குற நேரம்.”

பொறியே, அந்தக் காற்றைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவில் அப்பளத் தட்டை மாதிரி ஒரு தகரச் சிமிழ். கார்பரேட்டரிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய குழாய். காலை லேசாக வைத்து ஓட்டும்போது எஞ்சின் அதன் வழியே காற்றை உறிஞ்சும். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு அப்போது கொஞ்சம் திரும்பும். நீ ஒரு நொடித்துகள் முன்னதாக வருவாய். முழுக்க அமுக்கினால் உறிஞ்சல் தளர்ந்து தட்டு பழைய இடத்துக்குப் போய்விடும். பாயிண்ட்டுக்குப் போகும் சின்ன ஒயர் அந்தத் தட்டோடு சேர்ந்து நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக வளைந்து நிமிர்ந்துகொண்டிருக்கிறது. அதை ஒருநாளும் நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

பொறியே, பாய் அன்று செய்ததை உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பாயிண்ட் நன்றாக மூடியிருக்கும் இடம் வரை எஞ்சினை ஹேண்டில் போட்டுச் சுற்ற வைத்தார். டெஸ்ட் லைட்டைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் மாட்டச் சொன்னார். பாயிண்ட் மூடியிருக்கிறது, ஆகவே விளக்கு அணைந்திருந்தது, சரிதான். கார்பரேட்டரிலிருந்து குழாயைக் கழற்றித் தன் வாயில் வைத்துப் பீடி இழுக்கிற மாதிரி இழுத்தார். “எனக்குத் தெரியாது, நீங்க சொல்லுங்க.” “எரியுது பாய்!” விட்டார். “இப்ப?” “அணைஞ்சிடுச்சு.” மறுபடி இழுத்தார், எரிந்தது. எரியவே கூடாத விளக்கு. ஒயரின் மேல்துணி முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. தட்டு திரும்பினால் முனைகள் விலகும். வண்டி நின்றதும் காற்று போய் முனைகள் தொட்டுக்கொள்ளும். பாலத்தில் அத்தனை பேர் தள்ளியபோது நீ ஏற்கனவே திரும்பி வந்துவிட்டாய் என்று அப்போதுதான் புரிந்தது.

பொறியே, மற்றதெல்லாம் உனக்கே தெரியும். தன் தகர டப்பாவைத் துழாவி, நிறைய நுண்ணிழை உள்ள மெத்தென்ற ஒயர் ஒன்றை விரலாலேயே தேர்ந்தெடுத்தார். பற்று வைத்தது நான். கை நடுங்கியது, “ஈயம் தண்ணி மாதிரி ஓடுச்சா?” என்று இரண்டு தடவை கேட்டார். தட்டு திரும்புவதற்குத் தோதாகக் கொஞ்சம் தொய்வு விட்டு மாட்டச் சொன்னார். அதற்குள் இருட்டிவிட்டது. நடு ஒயரை மரக் கிளிப்பால் பிடித்துக்கொண்டேன், அதே மாதிரி கால் அங்குலம் தள்ளி. பாயின் மகன் செல்ப் அடித்தான். டிக், டிக், டிக்.

“என்ன கலர்?” என்றார் பாய்.

“நீலம் பாய்.”

“சத்தத்துலயே தெரிஞ்சுது. சும்மா கேட்டேன். மூடியப் போடுங்க, கிளிப்பு ரெண்டும் டக்குன்னு விழணும்.”

ஒன்று விழுந்தது. இன்னொன்றை அவரே தடவிப் பார்த்து அழுத்தினார்.

இப்படிக்கு,
உன் கடன்காரி
ஸ்ரீரங்கம்